குறி வைத்தது யார்? – சித்தார்த்த முகர்ஜியை வடசென்னையிலிருந்து வாசித்தல்

1

2016 மே மாதம் 'தி நியூ யார்க்கர்' இதழில் சித்தார்த்த முகர்ஜியின் நீண்ட கட்டுரை ஒன்று வெளியானது. அவருடைய 'தி ஜீன்' நூல் வெளிவரவிருந்த நேரம் அது. கட்டுரையில் அவருடைய அம்மாவும், அம்மாவின் இரட்டைச் சகோதரியும் வருகிறார்கள். ஒரே மரபணுத் தொகுதியோடு பிறந்த இருவர் எப்படி இரண்டு வேறு மனுஷிகள் ஆனார்கள் என்பது அவர் எழுப்பும் கேள்வி. பதிலாக அவர் முன்வைத்தது எபிஜெனடிக்ஸ். டிஎன்ஏவின் எழுத்து மாறுவதில்லை. ஆனால் அதன்மேலும் அதைச் சுற்றியும் ஒட்டிக்கொள்ளும் வேதிக்குறிகள் சில மரபணுக்களைப் பேசவிடுகின்றன, சிலவற்றின் வாயை அடைக்கின்றன. வாழ்க்கை நம் உடம்பின்மேல் இப்படித்தான் எழுதுகிறது என்ற தொனி கட்டுரை முழுக்க ஓடியது.

சில நாட்களிலேயே எதிர்ப்பு வந்தது. மார்க் டாஷ்னி, ஸ்டீவன் ஹெனிகாஃப், ஜான் கிரீலி போன்ற மரபணுத் துறைக்காரர்கள் கடுமையாக எழுதினார்கள். எந்த மரபணு எப்போது இயங்க வேண்டும் என்பதில் முதல் வேலை பார்ப்பவை டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களைத் தேடிப்போய் உட்காரும் புரதங்கள். அவற்றை விட்டுவிட்டு ஒட்டுக்குறிகளுக்கு எல்லாப் பெருமையையும் கொடுத்துவிட்டார் என்பது அவர்கள் வாதம். அந்தப் புரதங்களைப் போதிய அளவு பேசாமல் விட்டதை முகர்ஜியும் ஏற்றுக்கொண்டார். சண்டை அதோடு ஆறிவிட்டது.

விஞ்ஞானிகளுக்கு அது தகவல் பற்றிய சண்டை. இலக்கியம் வாசிக்கிற எனக்கு அது உருவகம் பற்றிய சண்டையாகவே இன்றும் தெரிகிறது. 'வாழ்க்கை மரபணுமேல் எழுதுகிறது' என்ற வாக்கியத்தின் அழகை மறுக்க முடியாது. அந்த அழகு எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. திருவொற்றியூரில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இந்தப் பக்கம் மணலி, அந்தப் பக்கம் எண்ணூர். எங்கள் காற்றும் தண்ணியும் உடம்பின்மேல் எழுதுகின்றன என்று சொன்னால் இங்கே யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள். அதனால்தான் அந்த வாக்கியத்தின்மேல் எனக்குச் சந்தேகம் அதிகம்.

2

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று சைட்டோசின். அதற்குப் பக்கத்தில் குவானின் வரும் இடங்களில், சைட்டோசினின் முதுகில் ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட சின்ன மூலக்கூறுத் துண்டு ஒட்டிக்கொள்ளும். அதுதான் மெத்தில். ஒட்டும் வேலைக்கு மெத்திலேற்றம் என்று பெயர். மனித மரபணுத் தொகுதியில் இப்படிச் சைட்டோசினும் குவானினும் அடுத்தடுத்து வரும் இடங்கள் ஏறக்குறைய 2.8 கோடி. அவற்றில் பெரும்பகுதி, சுமார் 70 முதல் 80 சதவீதம், சாதாரண உடம்பிலேயே மெத்தில் ஒட்டியபடிதான் இருக்கிறது. ஆக, மெத்தில் என்றாலே ஏதோ கறை, நோயின் தடம் என்று நினைப்பது ஆரம்பத்திலேயே வழி தவறுவது. கண்ணில் இருக்கும் செல்லும் கல்லீரலில் இருக்கும் செல்லும் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு வேறு வேறு வேலை செய்வதற்கு இந்தக் குறிகளும் துணை.

விதிவிலக்கான பகுதி ஒன்று உண்டு. பல மரபணுக்களின் தலைவாசலில், இயக்கம் தொடங்கும் இடத்தில், இந்தச் சைட்டோசின்–குவானின் ஜோடிகள் கூட்டமாக இருக்கும். அங்கே வழக்கமாக மெத்தில் இருக்காது. வாசல் திறந்திருக்கும். அந்தக் கூட்டத்தின்மேல் மெத்தில் அடர்த்தியாகப் படிந்துவிட்டால் அந்த மரபணு பெரும்பாலும் வாய் திறக்காது.

இதை விளக்க வெகுஜன அறிவியல் எழுத்து கையாளும் உருவகம் 'சுவிட்ச்'. ஆன், ஆஃப். தமிழில் வரும் கட்டுரைகளும் அப்படியே எடுத்துக்கொள்கின்றன. சுவிட்ச் என்றதும் ஒரு விரல் வந்துவிடுகிறது. யாரோ தட்டினார்கள், உடனே விளக்கு அணைந்தது. நடப்பது அப்படி இல்லை.

ராயபுரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு வேறொரு படம் உதவும். துறைமுகத்தின் கண்டெய்னர் யார்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்டெய்னர்மேல் 'நிறுத்தி வை' என்று ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கருக்கு எந்தப் பலமும் இல்லை. இரும்புக் கதவை அது பூட்டாது. ஆனால் ஸ்டிக்கரைப் படிக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். படித்ததும் அந்தப் பெட்டியை மூலையில் தள்ளி, அதன்மேல் இன்னும் நாலு பெட்டியை அடுக்கச் சொல்கிறார். இனி எந்த கிரேனாலும் எடுக்க முடியாது. செல்லுக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். மெத்திலைப் படிக்கும் புரதங்கள் வந்து ஒட்டுகின்றன, கூட்டாளிகளை அழைக்கின்றன, டிஎன்ஏ அந்த இடத்தில் இறுகிச் சுருண்டுகொள்கிறது. சில நேரம் வரிசை தலைகீழாகவும் இருக்கும்: பெட்டி முதலிலேயே மூலைக்குப் போய்விடும், ஸ்டிக்கர் பிறகுதான் வரும். முன்பே அடங்கிவிட்ட மரபணுவை அப்படியே பூட்டி வைக்கும் வேலையை மெத்தில் செய்வதும் உண்டு. காரணமா, விளைவா என்ற கேள்வி ஒவ்வொரு மரபணுவுக்கும் தனியாகக் கேட்கப்பட வேண்டியது. 'சுவிட்ச்' அந்தக் கேள்வியைக் கேட்கவே விடாது.

இன்னொன்று முக்கியம். செல் இரண்டாகப் பிரியும்போது டிஎன்ஏவுக்கு நகல் எடுக்கப்படுகிறது. புதிய இழையில் ஸ்டிக்கர் இருக்காது. டிஎன்எம்டி1 என்ற நொதி பழைய இழையைப் பார்த்துப் பார்த்து, அதே இடங்களில் புதிய இழையிலும் மெத்திலை ஒட்டிக்கொண்டே வரும். செல்லுக்கு ஞாபகம் என்று ஒன்று இருக்கிறது என்றால், இந்த நகல் குமாஸ்தாவின் வேலைக்கும் அதில் பங்கு உண்டு. இந்த ஆளை மறக்காதீர்கள். சிகிச்சையில் திரும்ப வருவார்.

3

புற்றுநோயில் இந்த ஒழுங்கு இரண்டு திசையிலும் குலைகிறது. 1983இல் ஆண்ட்ரூ ஃபைன்பெர்க்கும் பெர்ட் வோகல்ஸ்டைனும் பெருங்குடல் புற்றுநோய்த் திசுவை அதே நோயாளியின் சாதாரணத் திசுவோடு ஒப்பிட்டு, புற்றுநோய்ப் பக்கம் மெத்தில் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். 1990களில் மறுபக்கம் தெளிவானது. ஸ்டீபன் பேலின், பீட்டர் ஜோன்ஸ் போன்றவர்களின் ஆய்வுக்குழுக்கள், செல் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடும் பி16 போன்ற மரபணுக்களின் வாசலில் மெத்தில் குவிந்து, அவை ஊமையாகிக் கிடப்பதைக் கண்டன. டிஎன்ஏ நகலில் வரும் பிழையைத் திருத்தும் எம்எல்எச்1 மரபணு இப்படி அடைபட்டால், அதன்பின் திருத்தப்படாத பிழைகள் நிஜமான மரபணு மாற்றங்களாகக் குவியத் தொடங்கும். ஒட்டுக்குறியில் தொடங்கியது எழுத்துப்பிழையில் போய் முடிகிறது.

எதிர்த்திசையும் உண்டு. 2010இல் கடுமையான மைலாய்ட் ரத்தப் புற்றுநோய் உள்ள பலரிடம், மெத்தில் ஒட்டும் நொதிகளில் ஒன்றான டிஎன்எம்டி3ஏவின் மரபணுவே பிறழ்ந்திருப்பது தெரியவந்தது. ஸ்டிக்கர் ஒட்டும் ஆளின் வேலை உத்தரவே கிழிந்துபோன மாதிரி. ஆக 'மரபணு ஒரு பக்கம், சூழல் மறு பக்கம், நடுவில் தூது போகும் எபிஜெனடிக்ஸ்' என்ற படம் புற்றுநோய் வார்டில் நிற்பதில்லை. முகர்ஜி புற்றுநோய் மருத்துவர். இது அவருக்கு என்னைவிட ஆயிரம் மடங்கு தெரியும். தெரிந்தும், கதை சொல்லும் வேகத்தில் தூதுவர் படத்துக்கே அவர் திரும்பத் திரும்பப் போகிறார். இரட்டையரில் ஒருத்தியின் வாழ்க்கையும் மற்றவளின் வாழ்க்கையும் அந்தப் படத்தில் அழகாகப் பொருந்துகின்றன. புற்றுக்கட்டி அவ்வளவு அழகாகப் பொருந்தாது.

4

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேல் ஒப்பந்தத் தொழிலாளி. எண்ணெய் டேங்குகளைக் கழுவுவது, உள்ளே இறங்கிச் சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது. அறுபது வயதில் அவருக்கு எலும்பு மஜ்ஜை நோய் வந்தது. எம்டிஎஸ் என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். மஜ்ஜை ரத்த அணுக்களைச் சரியாக உருவாக்காமல் போவது. சிலருக்கு அது ரத்தப் புற்றுநோயாகவும் முற்றும். நான் இந்த மாதிரிப் புத்தகங்கள் படிப்பவன் என்று தெரிந்ததால் ஒருநாள் கேட்டார்: "தம்பி, இது அந்த டேங்கு வேலையால வந்ததுதானே? ஜீன் டெஸ்ட்டு, அது இதுன்னு எடுக்கறாங்களே, அதுல தெரியுமா?"

இந்தக் கேள்விக்கு முன்னால்தான் 'எழுதுகிறது' என்ற உருவகம் தடுமாறுகிறது. எழுத்து என்றால் கையெழுத்து இருக்க வேண்டும். மெத்திலில் கையெழுத்து கிடையாது.

எந்தத் தடயமும் இல்லை என்று சொல்லவில்லை. 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் பெட்ரோல் பங்க் ஊழியர்களையும் போக்குவரத்துப் போலீஸ்காரர்களையும் வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். குறைந்த அளவு பென்சீன் காற்றில் வேலை செய்பவர்களின் ரத்தத்தில், டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளில் மெத்தில் சற்றுக் குறைந்தும், பி15 என்ற கடிவாள மரபணுவில் சற்றுக் கூடியும் இருந்தது. மைலாய்ட் ரத்தப் புற்றுநோயில் தெரியும் மாற்றங்களின் சாயல் அதில் இருந்தது. எங்கள் பகுதிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஆய்வு அது. ஆனால் அது ஒரு கூட்டத்தின் சராசரியைப் பேசுகிறது. வித்தியாசங்கள் சிறியவை. வயது ஏறினாலும் மெத்தில் மாறும். சிகரெட்டும் தெளிவான தடம் விடும். தனி ஒருவரின் ரத்தத்தை எடுத்து 'இது இந்த டேங்கிலிருந்து வந்தது' என்று படிக்கும் அகராதி அதிலிருந்து கிடைக்காது.

வயிற்றை எடுத்துக்கொண்டால் இன்னும் சிக்கல். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்துவருகிறது. இரைப்பைப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. 1994இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்தியது. அந்தத் தொற்று உள்ளவர்களின் இரைப்பைச் சுவரில் மெத்திலேற்றம் கூடுகிறது, கிருமியை ஒழித்தபின் அதில் ஒரு பகுதி இறங்குகிறது என்று ஜப்பானில் தோஷிகாசு உஷிஜிமாவின் குழு காட்டியது. இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதிலேயே, நெருக்கமான வீடுகளில், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது. அப்படியானால் இங்கே ஒருவரின் இரைப்பையில் இருக்கும் மெத்தில் குறிக்குப் புகைபோக்கியைவிட ஒண்டுக்குடித்தனமும் குடத்துத் தண்ணியும் அதிகப் பொறுப்பாக இருக்கலாம். அதுவும் அரசியல்தான். ஆனால் வேறு அரசியல், வேறு கோரிக்கை.

அண்ணனிடம் என்ன சொன்னேன்? பென்சீன் மஜ்ஜையைக் கெடுக்கும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விஷயம், உங்கள் சந்தேகம் நியாயமானது, ஆனால் எந்த டெஸ்ட்டும் அதை உங்கள் ஒருத்தருக்காக மட்டும் நிரூபிக்காது என்றேன். "அப்ப யாரு சொல்லுவா?" என்றார். மஜ்ஜையிடம் கேட்பதைவிட மஸ்டர் ரோலிடம் கேட்பது பொருத்தம். ஆனால் அவர் நாலு கான்ட்ராக்டர்களிடம் வேலை பார்த்தவர். ஒருவரிடமிருந்தும் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

5

இந்த இடத்தில் முகர்ஜியின் முதல் நூல் அவருடைய 'தி ஜீன்' நூலைத் திருத்துகிறது என்பது என் வாசிப்பு. 2010இல் வந்து, மறுவருஷம் புலிட்சர் பரிசு பெற்ற 'தி எம்பரர் ஆஃப் ஆல் மாலடீஸ்' நூலில் லண்டன் புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களின் கதை வருகிறது. 1775இல் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், அந்த வேலை செய்தவர்களுக்கு விதைப்பையில் புற்று வருவதைக் கவனித்து, தோல் மடிப்பில் தங்கும் கரிதான் காரணம் என்று எழுதினார். அப்போது டிஎன்ஏ கிடையாது. செல் என்பதே நோயின் இடம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. யாருக்கு வருகிறது, அவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்ற இரண்டு கேள்விகள் போதுமாயிருந்தன.

அந்தப் பகுதியை முகர்ஜி அபாரமாக எழுதியிருக்கிறார். ஏழைப் பையன்களின் உடம்பை ஒரு நகரம் எப்படித் துடைப்பமாகப் பயன்படுத்தியது என்பது வாசகனுக்கு உறைக்கிறது. அதே ஆள்தான் 'தி ஜீன்' எழுதும்போது சூழல் என்ற சொல்லை வேறு மாதிரிக் கையாளுகிறார். அங்கே சூழல் என்பது பஞ்சம், காயம், விதி. முக்கிய உதாரணம் 1944–45 டச்சுப் பஞ்சம். அப்போது கருவில் இருந்தவர்களிடம் அறுபது வருஷம் கழித்தும் ஐஜிஎஃப்2 மரபணுவில் மெத்தில் சற்றுக் குறைந்திருந்ததை ஒரு ஆய்வு 2008இல் காட்டியது. புகைபோக்கிக் கதையில் சூழலுக்கு ஒரு முதலாளி இருந்தான். பஞ்சக் கதையில் அவன் போர் என்ற பெரிய மேகத்துக்குள் மறைந்துபோகிறான். 'சூழல்' என்ற சொல் பெரிதாகப் பெரிதாக, பொறுப்பு சின்னதாகிக்கொண்டே போகிறது.

அதே முதல் நூலில் நம் ஊரோடு ஒட்டிய இன்னொரு இழையும் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய் வந்து, ஜவுளி மில் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வரும் கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறான மார்மைட் கொடுத்தால் குணமாகிறது என்று கண்டார். அந்த ஆராய்ச்சியின் ஒரு பகுதியாக 1931இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். மார்மைட்டில் இருந்தது ஃபோலிக் அமிலம். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வகத்தில் தன் குழுவோடு ஃபோலிக் அமிலத்தையும் அதற்கு எதிரான மூலக்கூறுகளையும் உருவாக்கினார். அந்த எதிர் மூலக்கூறுகளில் ஒன்றான அமினோப்டெரினை வைத்துத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் 16 பேருக்குச் சிகிச்சை கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948இல் அந்த முடிவு வெளியானது. அதே ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார்.

இந்தக் கதை 'எம்பரர்' நூலில் இருக்கிறது. ஆனால் ஃபார்பரின் வெற்றிக்கு முன்கதையாக மட்டும். மெத்திலைப் பற்றி எழுத வரும்போது முகர்ஜி இந்த இழையைத் திரும்ப எடுத்திருக்கலாம். ஏனென்றால் ஃபோலேட்டுக்கு உடம்பில் இரண்டு வேலை. டிஎன்ஏவின் கட்டுமானப் பொருளைச் செய்ய உதவுவது ஒன்று. ஃபார்பரின் மருந்து அதைத்தான் நிறுத்தியது. மெத்தில் துண்டுகளைச் சுமந்துபோய்ச் சேர்ப்பது இரண்டாவது. டிஎன்ஏவில் ஒட்டப்படும் மெத்திலில் ஒரு பங்கு கீரையிலிருந்தும் பயறிலிருந்தும் இந்த வழியாக வருகிறது. மில் தொழிலாளிப் பெண்ணின் தட்டில் கீரை இல்லாததும் அவளுடைய செல்லுக்குள் நடப்பதும் சந்திக்கும் இடம் ஒன்று நிஜமாகவே இருக்கிறது. 'வாழ்க்கை எழுதுகிறது' என்ற வரிக்கு இதைவிடச் சரியான உதாரணம் கிடைக்காது. அதில் கூலி இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, அளந்து பார்க்கக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது.

6

இனி சிகிச்சை. மெத்தில் பற்றிய எழுத்துகள் எனக்கு அதிக ஏமாற்றம் தருவது இங்கேதான். குறி அழியக்கூடியது என்பதைத் தத்துவமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது எப்படி அழிகிறது, யாருக்கு எவ்வளவு அழிகிறது என்று நின்று சொல்வதில்லை.

1964இல் பிராக் நகரத்தில் அலோயிஸ் பிஸ்கலாவும் ஃபிரான்டிஷெக் ஷோர்மும் 5-அசாசைட்டிடின் என்ற மூலக்கூறை உருவாக்கினார்கள். சைட்டோசின் எழுத்தின் போலி அது. முதலில் பெரிய டோஸில், செல்லைக் கொல்லும் விஷமாகத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். பக்க விளைவு தாங்க முடியவில்லை. பிறகு பீட்டர் ஜோன்ஸ் எலியின் கருச்செல்களில் இதைக் கொஞ்சமாகக் கொடுத்தபோது அவற்றில் சில தசைச் செல்லாக மாறின. 1980இல் அவரும் ஷெர்லி டெய்லரும் காரணத்தைச் சொன்னார்கள்: மருந்து மெத்திலேற்றத்தைத் தடுத்து, மூடிக்கிடந்த மரபணுக்களைத் திறந்துவிடுகிறது.

அது வேலை செய்யும் விதம் நகல் குமாஸ்தாவைப் பிடிப்பதுதான். செல் பிரியும்போது இந்தப் போலி எழுத்தும் புதிய டிஎன்ஏவுக்குள் நுழைந்துவிடுகிறது. டிஎன்எம்டி1 வந்து மெத்தில் ஒட்டப் பார்க்கிறது, அதிலேயே சிக்கிக்கொள்கிறது, பிறகு சிதைக்கப்படுகிறது. குமாஸ்தா இல்லாததால் அடுத்த பிரிவில் ஸ்டிக்கர் பாதியாகிறது, அதற்கடுத்ததில் இன்னும் பாதி. யாரும் சுவிட்சைத் தட்டவில்லை. ஒவ்வொரு தலைமுறைச் செல்லிலும் குறி நீர்த்துப்போகிறது. அதனால்தான் சின்ன டோஸ், பல சுற்று. மருந்தை நிறுத்தினால் குறிகள் திரும்பி வருவதும் அதனால்தான். இதில் எவ்வளவு பங்கு மரபணு திறப்பதால், எவ்வளவு பங்கு செல்லுக்கு நேரும் சேதத்தால் என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

அமெரிக்காவில் 2004இல் அசாசைட்டிடினும் 2006இல் டெசிட்டபினும் எம்டிஎஸ் நோய்க்கு அங்கீகாரம் பெற்றன. 2009இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், அதிக ஆபத்துள்ள எம்டிஎஸ் நோயாளிகள் 358 பேரில், அசாசைட்டிடின் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 24.5 மாதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 15 மாதம். ஒன்பதரை மாதம். அதிசயம் என்று சொல்ல முடியாது, அற்பம் என்றும் சொல்ல முடியாது. ஒரு பேத்தியின் முதல் பிறந்தநாளைப் பார்த்துவிடலாம்.

'எம்பரர்' நூலின் உச்சக்காட்சிகளில் ஒன்று 2001இல் வந்த கிளீவெக் மாத்திரை. ஒரு பிறழ்ந்த புரதம், அதற்குப் பொருந்தும் ஒரு மூலக்கூறு, எழுந்து உட்காரும் நோயாளிகள். சினிமாவுக்கான கதை. அசாசைட்டிடின் அப்படிப்பட்ட கதை இல்லை. ஒரு மாதச் சுற்றில் ஏழு நாள் ஊசி. பலன் தெரிய நாலு முதல் ஆறு சுற்று ஆகலாம். அதற்குள் ரத்த அணுக்கள் இன்னும் இறங்கும், காய்ச்சல் வரும், ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். திருவொற்றியூரிலிருந்து ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் பிடித்து ஏழு நாள் தொடர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போவது என்றால் நோயாளிக்கும் கூடப் போகிற ஆளுக்கும் ஏழு நாள் கூலி போகும். மூன்றாவது சுற்றில், 'ஒண்ணும் தெரியல, உடம்புதான் நோவுது' என்று நின்றுவிடுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் யாராவது 'இது சுவிட்ச் மாதிரி' என்று சொல்லியிருந்தால், நின்றதில் என்ன தப்பு? சுவிட்ச் போட்டும் விளக்கு எரியவில்லை, அவ்வளவுதானே. 'இது கொஞ்சம் கொஞ்சமா நீர்த்துப்போற விஷயம், ஆறு சுற்றாவது பார்க்கணும்' என்று சொல்லியிருந்தால் ஒருவேளை நாலாவது மாதமும் பஸ் ஏறியிருப்பார்கள். உருவகம் சிகிச்சையின் ஒரு பகுதியாகிற இடம் இது.

'நல்ல குறி, கெட்ட குறி' என்ற பிரிவும் வார்டில் உடைந்துபோகிறது. மூளைக்கட்டியான கிளியோபிளாஸ்டோமாவில் எம்ஜிஎம்டி என்ற மரபணு உண்டு. டிஎன்ஏவின் சில சேதங்களைச் சரிசெய்வது அதன் வேலை. அதன் வாசல் மெத்திலால் அடைபட்டிருந்தால், டெமோசோலோமைடு என்ற மருந்து ஏற்படுத்தும் சேதத்தைப் புற்றுச்செல்லால் சரிசெய்ய முடியாது. 2005இல் வெளியான ஆய்வில், வாசல் அடைபட்டிருந்தவர்களில் கதிர்வீச்சோடு இந்த மருந்தும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 21.7 மாதம், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 15.3 மாதம். ஒரு ஊமைத்தனம் கட்டியை வளர்க்கிறது, இன்னொரு ஊமைத்தனம் மருந்துக்கு வழி திறக்கிறது.

7

கடைசியாகப் பரம்பரை. எண்ணூரைப் பற்றி எழுதும்போது 'இந்த விஷம் நம் பேரப்பிள்ளைகளின் மரபணு வரை எழுதப்பட்டுவிட்டது' என்று ஒரு வரி போடக் கை துறுதுறுக்கும். கவிதையாக அது ஓடிவிடும். ஆனால் மனிதர்களில் கருமுட்டையும் விந்தும் உருவாகும்போது ஒருமுறை, கரு உருவான ஆரம்ப நாட்களில் இன்னொருமுறை, மெத்தில் குறிகளில் பெரும்பகுதி துடைத்தெடுக்கப்படுகிறது. தப்பும் சில இடங்கள் உண்டு. ஆனாலும் தாத்தா சுவாசித்த புகை பேத்தியின் மெத்திலில் இறங்கும் என்று மனிதர்களில் உறுதியாகக் காட்டப்படவில்லை. அந்த வரியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒரு வட்டாரத்தின் பிள்ளைகளையே பிறக்கும்போதே பழுதானவர்கள் என்று அது முத்திரை குத்துகிறது. வடசென்னைக்காரன் என்றாலே முகம் சுளிக்கும் ஊரில், அந்தச் சுளிப்புக்கு விஞ்ஞானச் சான்றிதழ் வேறு நாமே கொடுக்க வேண்டுமா?

பேத்தி அதே புகையை இன்றைக்கும் சுவாசிக்கிறாள். குற்றச்சாட்டுக்கு அது போதும். 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதி, எண்ணூர்க் கழிமுகத்தில் படமாக்கப்பட்ட 'சென்னைப் பொறம்போக்குப் பாடல்' யாருடைய மரபணுவையும் இழுக்கவில்லை. பொது நிலம் எப்படி வசைச்சொல் ஆனது என்று கேட்டது. சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிவதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியதும், அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி அமோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத்திணறி ஓடியதும் கண்ணால் பார்த்தவை. இவற்றைச் சொல்ல மூலக்கூறு தேவையில்லை. மூலக்கூறு அளவில் நிரூபி என்று கேட்டால், நிரூபிக்கும் பாரம் ஆலையின் தோளிலிருந்து இறங்கி அந்த அண்ணனின் மஜ்ஜைமேல் ஏறிவிடும்.

ஆகவே தமிழில் இந்த விஷயத்தை எழுதவரும் நண்பர்களுக்கு ஒரு வாசகனாக என் கோரிக்கை. 'சூழல் மரபணுவை மாற்றியது' என்று எழுதும்போது மூன்றைச் சொல்லுங்கள்: எந்தத் திசுவில், யாரோடு ஒப்பிட்டு, எவ்வளவு. வார்டில் இருப்பவருக்காக எழுதும்போது இன்னொன்று: எத்தனை மாதம். முகர்ஜியை விட்டுவிடச் சொல்லவில்லை. அவரைப் போலக் கதை சொல்லத் தெரிந்த அறிவியல் எழுத்தாளர் நமக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆனால் 'தி ஜீன்' கையிலிருந்தால், அதோடு 'எம்பரர்' நூலின் புகைபோக்கிப் பகுதியையும் எடுத்துவைத்துப் படியுங்கள். பாட் எழுதிவைத்ததால் லண்டனில் கரி தின்ற பையன்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்றாவது நமக்குத் தெரிகிறது. மணலி டேங்குகளில் இறங்கியவர்களின் பட்டியலை இன்னும் யாரும் எழுதவில்லை. புற்றுநோய்ப் பதிவேடு நோயைக் குறித்துக்கொள்ளும். ஒருவர் எத்தனை வருஷம் எந்த டேங்கைக் கழுவினார் என்று குறித்துவைக்க வேண்டியது வேறு ஆட்கள். அந்த வேலைக்கு ஆய்வகம் வேண்டாம். தெருத் தெருவாகப் போய்க் கேட்க, ஒரு நோட்டும் பேனாவும் போதும்.